இறங்கியதாகப் பதிவு இல்லை

தேரிமுனைப்பட்டினம் வடக்குச் சுங்கத் தெருவில் பதினாறாம் எண் வீடு ஆடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிந்ததற்குக் காரணம், பிரகாசியம்மாள் சாளைமீன் குழம்புக்குப் புளி கரைத்து வைத்திருந்த சட்டி, அடுப்படி மேடையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு யாரும் தொடாமல் நடந்து போய், அங்கே ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்ததும், அவள் சட்டியைத் திட்டிவிட்டு, இது எத்தனை மணிக்கு நடந்தது என்று பின்னால் கேட்பார்களே என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டதுதான்.

கூடத்தில் அவள் புருஷன் கஸ்பார் கொரைரா நாற்காலியில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சரக்குக் கப்பல்களில் முப்பத்தோரு வருஷம் சமையல்காரராக இருந்து, பதினோரு வருஷத்துக்கு முன்னால் கரையோடு கரையாக வந்துவிட்டவர். வீடு சாய்ந்தபோது அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, இடது காலை மட்டும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டார்.

"பெட்டூனியா," என்றார்.

"எவ அவ?"

"எம்.வி. நோபிள் பெட்டூனியா. நான் கடைசியா இருந்த கப்பல். இடப்பக்கம் ரெண்டு பங்கு சாய்வா, வலப்பக்கம் ஒண்ணரைதான். இந்த நொண்டி நடை உலகத்துல வேற எந்தக் கப்பலுக்கும் கெடையாது."

அவர் சொன்னது சரிதான். அதே பதினொன்றே காலுக்கு, துறைமுகத்துப் பக்கம் இருக்கிற மாலுமிப் பதிவு அலுவலகத்தில், குத்தாலிங்கம் என்ற எழுத்தர் பழைய மாலுமிகளின் பணிப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். கப்பலில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு புத்தகம் உண்டு. ஏறினால் ஒரு முத்திரை, இறங்கினால் ஒரு முத்திரை, இரண்டுக்கும் கப்பல் தலைவரின் கையெழுத்து. கஸ்பாரின் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் பெட்டூனியாவில் ஏறிய முத்திரை இருந்தது, இறங்கிய முத்திரை இல்லை, ஏனென்றால் மொம்பாசாவுக்கு வெளியே குடல்வால் வீங்கி அவர் அலறிக்கொண்டு கிடந்தபோது, அவரை ஒரு வலையில் போட்டு, சரக்கு தூக்குகிற கிரேனில் கோர்த்து, கீழே நின்ற படகில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அவசரத்தில், கப்பல் தலைவர் மேலிருந்து கையைத்தான் ஆட்டினாரே தவிர முத்திரையை நினைக்கவில்லை. பதினோரு வருஷமாகக் காகிதம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டது. கம்ப்யூட்டர் அப்படி இருக்கவில்லை. 'இறங்கிய தேதி' கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து, 'இவர் இன்னும் கப்பலில் இருக்கிறாரா?' என்று கேட்டு, 'ஆம்' என்றும் 'பிறகு கேள்' என்றும் இரண்டே பொத்தான்களை நீட்டியது. குத்தாலிங்கம் ஒன்பது தரம் 'பிறகு கேள்' அழுத்திப் பார்த்தார். பத்தாவது தரம் டீ வந்துவிட்டது. 'ஆம்' என்று அழுத்திவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

மூன்று நாள் பிரகாசியம்மாள் எழுந்திருக்கவில்லை. "முப்பது வருஷம் நீங்க கடல்ல கெடந்திய, எனக்கு ஒரு தலைசுத்து இல்ல. இப்ப நீங்க வீட்டுல கெடக்கிய, எனக்குக் கடல் வாந்தி வருது. இது என்ன நியாயம்?" என்று கேட்டாள். கஸ்பார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

குத்தாலிங்கம் திரையைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க கப்பல்லல்லா இருக்கிய."

"நான் உங்க முன்னால நிக்கேன்."

"நிக்கிய, இல்லன்னு சொல்லல. ஆனா கப்பல்ல இருக்கிய. விண்ணப்பத்த நேர்லதான் குடுக்கணும். கப்பல்ல இருக்கவங்க நேர்ல வரமுடியாதுன்னு கம்ப்யூட்டர் டோக்கன் அடிக்க மாட்டேங்கு."

"அப்ப நான் எப்ப வரட்டும்?"

"இறங்கினதும் வாங்க."

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து கண்காணிப்பாளர் சங்கரவடிவு வந்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு விதியைக்கூட மீறாதவர், ஒருவரிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடிக்காதவர், அதனால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவரிடம் மரியாதையும் கொஞ்சம் பயமும் இருந்தன. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இறங்குறதுக்குப் படிவம் பதினேழு. கப்பல் தலைவர் கையெழுத்து, வட்ட முத்திரை, திறமை எப்படி, நடத்தை எப்படின்னு ரெண்டு குறிப்பு. இது வந்தா அன்னைக்கே இறக்கி விட்டுருவேன் அண்ணாச்சி. வராம என்னால முடியாது."

"அந்தத் தலைவர் செத்து ஏழு வருஷமாச்சு மேடம்."

"இப்ப யாரு தலைவரோ அவரு போட்டாலும் செல்லும்."

கஸ்பார் பெட்டூனியாவுக்கு எழுதிப் போட்டார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கப்பல் முழுக்கத் தேடிப் பார்த்ததாகவும், கஸ்பார் கொரைரா என்று யாரும் இல்லை என்றும், கப்பலில் இல்லாத ஒருவரை இறக்க முடியாமல் இருப்பதற்கு வருந்துவதாகவும் புதிய தலைவர் எழுதியிருந்தார். ஆக, அலுவலகம் அவர் கப்பலில் இருக்கிறார் என்றது, கப்பல் அவர் இங்கே இல்லை என்றது, இரண்டுக்கும் நடுவில் வீடு ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு மாதத்துக்குள் தெரு அதற்குப் பழகிவிட்டது. முதலில் வந்தது எதிர்வீட்டு சம்சுன் பீவி. அவளுடைய பேரப்பிள்ளை என்ன ஆட்டியும் தூங்காத பிள்ளை, அதைக் கொண்டுவந்து பதினாறாம் எண் கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்டிப் போட்டாள், இரண்டு நிமிஷத்தில் தூங்கியது. மறுநாள் நாலு தொட்டில், அதற்கு அடுத்த வாரம் பதின்மூன்று, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாகத் திரும்பின. அப்புறம் மோர் கடைகிறவர்கள் தயிர்ப்பானையை உறியில் தொங்கவிட்டுவிட்டு கோயிலுக்குப் போய் வந்தார்கள், வரும்போது வெண்ணெய் திரண்டிருந்தது. பெட்டூனியா புயலில் மாட்டிய அன்று நெய்யே வந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள், அவளை யாரும் நம்பவில்லை, ஆனால் மறுநாள் எல்லோரும் கூடுதலாக ஒரு பானை கொண்டுவந்தார்கள். மசக்கைக்காரிகள் வந்து இருந்தார்கள், அவர்களுடைய மசக்கையும் கடல் மசக்கையும் ஒன்றோடொன்று மோதி இரண்டும் போய்விடுவதாகச் சொன்னார்கள். பங்குச்சாமியார் வீட்டை மந்திரிக்க வந்து, வாசலில் காலை வைத்ததும் தீர்த்தப் பாத்திரம் கையை விட்டு ஓடவே, வீட்டுக்கான ஜெபத்தை மூடிவிட்டு, படகுக்கான ஜெபத்தைப் பிரித்துப் படித்துவிட்டுப் போனார். இது கட்டடமா வாகனமா என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டே அளந்தார், பெருமூச்சு விட்டார், 'பிற' என்று எழுதிக்கொண்டு போனார்.

பெட்டூனியா ஏதாவது துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நின்ற நாட்களில்தான் கொஞ்சம் சிரமம். நங்கூரம் போட்ட கப்பல் நீரோட்டத்துக்குத் தக்கபடி மெல்லச் சுற்றும், அதனால் வீடும் சுற்றியது. காலையில் கிழக்கே பார்த்த வாசல் மத்தியானம் தெற்கே பார்த்தது, சாயங்காலம் அடுப்படி ஜன்னல் தெருவுக்கு வந்துவிட்டது. தபால்காரர் கதவைத் தேடி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார், வீடும் அதே பக்கமாகச் சுற்றினால் அவர் நாள் முழுக்க நடக்கவேண்டியிருக்கும் என்பதால், எதிர்ப்பக்கமாக நடக்கக் கற்றுக்கொண்டார்.

கப்பல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டுகிற செயலி தெருவில் எல்லோர் போனிலும் ஏறிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில், "பெட்டூனியா இன்னைக்கு எங்க இருக்கா?" என்று ஒருத்தி கேட்பாள், "கால்வாய்க்குள்ள நுழைஞ்சிட்டா, நாளைக்கு ஆட்டம் இருக்காது, தொட்டில வீட்டுலயே கட்டிக்கோ," என்று இன்னொருத்தி சொல்வாள், தூரத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி. பிரகாசியம்மாளுக்கும் வாந்தி நின்றுவிட்டது. ஆடுகிற வீட்டில் கோலப்பொடி சிந்தாமல் நடக்கிற அளவுக்கு அவளுக்குக் கால் வந்துவிட்டது. யார் எங்கே இருக்கவேண்டும், எந்தப் பானை எந்த உறியில், மழை அடித்தால் எந்த ஜன்னல் முதலில் என்று எல்லாவற்றையும் அவளே சொன்னாள், எல்லோரும் கேட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை சம்சுன் பீவி போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, பெட்டூனியாவ வித்துட்டானுவளாம். 'உடைப்புக்கு'ன்னு போட்டிருக்கே, அப்படின்னா?"

கஸ்பார் போனை வாங்கிப் பார்த்தார். அன்றுதான் முதல்முறையாக அவர் முகம் மாறியது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"கெழட்டுக் கப்பல வடக்க ஒரு கடற்கரைக்குக் கொண்டு போவான். கடல்தண்ணி ஏத்தம் உச்சிக்கு வர்ற நேரம் பாத்து, இன்ஜின முழு வேகத்துல விட்டு, அப்படியே மணல்ல ஏத்திருவான். பெறகு துண்டு துண்டா வெட்டுவான்."

"கப்பலத்தான?"

"ஆமா, கப்பலத்தான்," என்றார் கஸ்பார், கூடத்தைச் சுற்றிப் பார்த்தபடி.

தெரு கூடியது. இத்தனை மாதமாக ஓர் அடிகூட முன்னே போகாத வீடு இப்போது மட்டும் ஏன் போகும் என்று ஒருவர் கேட்டார். "கடல்ல போகும்போது அது தண்ணிமேல போகுது, இங்க அதுக்குத் தண்ணி இல்ல, அதனால போகல," என்றார் கஸ்பார். "தரையில ஏறுச்சுன்னா? தரைதான் இங்க நெறைய இருக்கே." எல்லோரும் வாசலுக்கு நேரே பார்த்தார்கள். இருபதடித் தெரு, அதைத் தாண்டி சம்சுன் பீவியின் பச்சைச் சுவர். சம்சுன் பீவி போய்ப் பேரப்பிள்ளையின் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டாள்.

கப்பல் கரையேறப் பதினோரு நாள் இருந்தது. கஸ்பார் தினமும் அலுவலகத்துக்குப் போனார், கம்ப்யூட்டர் தினமும் அவரைக் கப்பலுக்கே திருப்பி அனுப்பியது. பத்தாவது நாள் பிரகாசியம்மாளே கிளம்பிப் போய் சங்கரவடிவின் மேஜைக்கு முன்னால் நின்றாள். ஆடாத தரையில் நின்று பழக்கம் விட்டுப்போனதால் மெல்ல ஆடிக்கொண்டே நின்றாள்.

"எம்மா, அவரு கப்பல்ல இருக்காரு, வரமுடியாது. சரி. அப்ப நீங்க கப்பலுக்கு வாங்க."

சங்கரவடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலமாரியிலிருந்து தடித்த விதிப்புத்தகம் ஒன்றை எடுத்தார். ஒரு மணி நேரம் படித்தார். "வரலாம்க்கா," என்றார், ஆச்சரியப்பட்டதுபோல. "கப்பல்ல இருக்கவர விசாரிக்கணும்னா அதிகாரி கப்பலுக்குப் போகணும்னு இருக்கு. இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல."

மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர் பதினாறாம் எண் வீட்டு வாசலில் வந்து நின்றார். செயலியில் பெட்டூனியா கடற்கரைக்கு நேராகத் திரும்பி, ஏற்றத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஏற்றம் நாலு பத்துக்கு.

"கப்பல்ல ஏற அனுமதி யாரு குடுக்கணும்?" என்று கேட்டார் சங்கரவடிவு.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க," என்றாள் பிரகாசியம்மாள்.

உள்ளே வந்ததும் சங்கரவடிவு தூணைக் கட்டிக்கொண்டார். முகம் வெளுத்துப்போயிருந்தாலும் விதிப்புத்தகத்தை விடவில்லை. "கப்பல் தலைவர்னா யாருன்னு இதுல இருக்கு. 'கப்பலின் பொறுப்பையும் கட்டளையையும் கையில் வைத்திருப்பவர்.' அவ்வளவுதான், மீசை வேணும் தொப்பி வேணும்னு ஒண்ணும் இல்ல. இங்க அது யாரு?"

கஸ்பார் ஒரு நொடிகூட யோசிக்காமல் பெண்டாட்டியைக் கைகாட்டினார். வாசலில் நின்ற தெருவும் கைகாட்டியது.

"முத்திரை இருக்காக்கா? வட்டமா இருக்கணும்."

பிரகாசியம்மாள் பீரோவைத் திறந்து, 'அலைமகள் மகளிர் சுயஉதவிக் குழு, தலைவி' என்ற ரப்பர் முத்திரையை எடுத்து வைத்தாள். வட்டம்தான். சங்கரவடிவு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'தலைவி' என்ற சொல்லை விரலால் தொட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

"நடத்தை?"

"வந்தா ரெண்டு மாசம், போனா பத்து மாசம். மூணு பிள்ளையளுக்கும் ஞானஸ்நானத்துக்கு இல்ல. எங்க அம்மா செத்தப்ப மூணு வாரம் கழிச்சு ஒரு தந்தி. குடி இல்ல. கை நீட்டுனதில்ல. கடுதாசி போடாத மாசம் இல்ல." முந்தானையை இழுத்துச் செருகினாள். "மிக நன்றுன்னு போட்டுக்கோங்க."

"திறமை?"

பிரகாசியம்மாள் பேனாவை எடுத்தாள். எடுத்த பேனா அப்படியே நின்றது.

"இவரு சமையல நான் சாப்பிட்டதே இல்லயே."

தெரு முழுக்க 'ஆ' என்றது. கஸ்பார் தரையைப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷம் கரண்டி பிடிச்ச கை. வீட்டுக்கு வந்தாலாவது சும்மா இருக்கட்டுமேன்னு..."

"போட்டுருங்க பிரகாசி, எதையாவது போட்டுருங்க!" என்று கத்தினாள் சம்சுன் பீவி. "என் செவரு!"

"தெரியாததுக்குக் கையெழுத்துப் போடக் கூடாதுக்கா," என்றார் சங்கரவடிவு. தூணை விடாமல்தான் சொன்னார், ஆனால் குரல் ஆடவில்லை.

"போட மாட்டேன்," என்றாள் பிரகாசியம்மாள். கஸ்பாரைப் பார்த்தாள். "மணி ரெண்டு. போய்ச் சமைங்க."

கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டினார். அடுப்படிக்குள் போன மனிதர் வேறு ஆளாகிவிட்டார். சட்டிகளைக் கயிறு போட்டு அடுப்போடு கட்டினார், வீடு சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து வெங்காயம் அரிந்தார், அரிந்தது தானாகச் சரிந்து சட்டிக்குள் விழுந்தது. ஆனால் ஒரு சங்கடம், அவருக்குக் கப்பல் கணக்கில் இருபத்து நாலு பேருக்குத்தான் சமைக்கத் தெரியும். அதற்குக் குறைந்தால் கை கணக்குத் தவறிவிடும். ஆகவே தெரு நாலா பக்கமும் ஓடி ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அரிசியும் பெரிய அண்டாவும் கொண்டுவந்தது. மூன்றரைக்குச் சோறு வடித்தாயிற்று. இருபத்து நாலு இலை போட்டார்கள், இலைகள் நகராமல் ஆளுக்கொரு முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். விசாரணைக்குப் போன இடத்தில் சாப்பிடுவதில்லை என்றார் சங்கரவடிவு, அப்புறம் விதிப்புத்தகத்தை ஒரு தரம் புரட்டி, கப்பல் சாப்பாட்டை அதிகாரி ருசிபார்ப்பது கடமை என்று கண்டுபிடித்து, கடமையை இரண்டு தரம் செய்தார்.

நாலு மணிக்கு வீடு அதிர்ந்தது. தரைக்கடியில் எங்கேயோ இன்ஜின் முழு வேகத்தில் உறுமியது. "கெளம்பிட்டா," என்றார் கஸ்பார்.

பிரகாசியம்மாள் நிதானமாகப் பிசைந்து, நிதானமாக ஒரு வாய் வைத்தாள். இருபத்து மூன்று பேர் மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாய் வைத்தாள். வீட்டு வாசல்படி ஓர் அடி தெருவுக்குள் நகர்ந்தது.

"உப்பு கொறைச்சல்."

"கப்பல்ல காத்துலயே உப்பு ஏறிரும்," என்றார் கஸ்பார், பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றுகொண்டு. "அதனால கம்மியாத்தான் போடுவேன்."

மூன்றாவது வாய். வீடு நாலடி நகர்ந்தது, ஐந்தடி நகர்ந்தது. பிரகாசியம்மாளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய் அதிகமில்லை. "இந்தக் கைய வச்சுக்கிட்டா பதினோரு வருஷம் பேப்பர் படிச்சிய?" என்று கேட்டாள். கையைக் கழுவினாள், துடைத்தாள். படிவத்தில் 'மிக நன்று' என்று எழுதி, கீழே 'உப்பு தவிர' என்று சேர்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

சங்கரவடிவு போனில் கத்தினார். "குத்தாலிங்கம்! இறங்கிய தேதி இன்னைக்குன்னு போடு!"

"போட்டுட்டேன் மேடம். சுத்துது."

"எது சுத்துது?"

"வட்டம் சுத்துது மேடம்."

வீடு பத்தடி தாண்டியது. சம்சுன் பீவி தன் வீட்டு வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள், ஒரு வீட்டைக் கையால் நிறுத்தமுடியும் என்பதுபோல. பன்னிரண்டு. பதின்மூன்று. "சுத்துது மேடம், இன்னும் சுத்துது." பதினாலு.

"ஏறிட்டு மேடம்."

வீடு நின்றது. அண்டா ஒரு தரம் குலுங்கி அடங்கியது. ஆடாத தரையில் இருபத்து நாலு பேரும் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தார்கள். செயலியில் பெட்டூனியாவின் புள்ளி கரைமேல் ஏறி அசையாமல் இருந்தது. ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பெட்டூனியா கொஞ்ச ஆட்டமா ஆடினாள், அதை யாராவது மறக்கமுடியுமா என்றாள்.

"அண்ணாச்சி," என்றார் சங்கரவடிவு, தூணை முதல்முறையாக விட்டுவிட்டு, "இறங்குன ஆளு கப்பல்ல இருக்கக் கூடாது. நீங்க இறங்கணும்."

கஸ்பார் வாசல்படி இறங்கித் தெருவில் நின்றார். பிரகாசியம்மாள் வாசலில் நின்றாள். வீடு நகர்ந்ததில் தெரு ஆறடியாகச் சுருங்கியிருந்தது. அது பிறகு அப்படியேதான் இருந்துவிட்டது, ஆட்டோ எல்லாம் தெற்கு வழியாகச் சுற்றிப் போகும், சம்சுன் பீவி பணியாரத்தை ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கே நீட்டிவிடுவாள்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார் கஸ்பார்.

"விருந்தாளியா வாரியளா, வேலைக்கு வாரியளா?"

கஸ்பார் அவளுக்குப் பின்னால் கூடத்தைப் பார்த்தார். இலைகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் இன்னும் கொஞ்சம் கங்கு இருந்தது.

"வேலைக்குத்தான்," என்றார்.

அவள் வழிவிட்டாள். கூட்டம் கலைந்து, அண்டாவும் உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கஸ்பார் அரிசிப் பானைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உழக்கை உள்ளே விட்டார், எடுத்தார், பாதியைக் கொட்டினார், அதிலும் பாதியைக் கொட்டினார், உழக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இங்கேரு பிரகாசி," என்று கூப்பிட்டார். "ரெண்டு பேருக்குன்னா எவ்வளவு போடணும்?"